நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பது எப்படி? வாடகை ரசீது, லெந்து, மார்ச் 31

ஆயக்காரன் | 27 பிப்ரவரி 2026, இரவு 11:42

பெயர் போடவில்லை, மன்னிக்கவும். ஏன் என்று படித்தால் புரியும்.

ஊர் பாளையங்கோட்டை. சி.எஸ்.ஐ. சபை. தனியார் கம்பெனியில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டு மாடியில்தான் இருக்கிறோம். வாடகை என்ற பேச்சை எடுத்தாலே மாமாவுக்குக் கோபம் வரும். ஆனால் 2017 ஏப்ரலிலிருந்து 2023 மார்ச் வரை, ஆறு வருஷம், மாதம் 8,300 ரூபாய் வாடகை கொடுப்பதாக ஆபீஸில் ரசீது கொடுத்து வரிச்சலுகை வாங்கியிருக்கிறேன். அதென்ன 8,300? வருஷத்துக்கு 99,600 வரும். ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் நம்பர் கேட்பார்கள். அதனால் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். அப்புறம் வாடகைச் சலுகையே இல்லாத புதிய வரிமுறைக்கு மாறினேன். மனசாட்சி உறுத்தி மாறவில்லை, அதில் லாபம் என்பதால் மாறினேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஸ்டேஷனரிக் கடையில் ரசீதுப் புத்தகம் வாங்கி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பன்னிரண்டையும் ஒரே மூச்சில் எழுதுவேன். ஏப்ரலுக்கு ஒரு நீலப் பேனா, ஜூனுக்கு வேறொரு நீலம், நடுவில் இரண்டு மாதம் கறுப்பு. மாமா டிவியைப் பார்த்தபடியே கையெழுத்துப் போடுவார், பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலுமாக. ஒரு வருஷம் என் மகள்தான் ரெவின்யூ ஸ்டாம்பைத் தண்ணீர் தொட்டு ஒட்டிக் கொடுத்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. "கோணலா இருக்கா அப்பா?" என்று கேட்டாள்.

ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயர் 'சாமியார்'. மேஜையில் வசனக் காலண்டர் இருக்கும். சப்ளையர் தருகிற தீபாவளி ஸ்வீட் பெட்டியைக்கூட வாங்க மாட்டேன். அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் வந்து, "அண்ணே, ரசீது புக்கு எந்தக் கடைல? உங்ககிட்டக் கேக்கச் சொன்னாங்க" என்றான். கேட்கச் சொன்ன இரண்டு பேருக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

இந்த வாரம் லெந்துக் (தவக்காலக்) கூட்டத்தில் ஐயர், எங்கள் சபைப் போதகர், சகேயுவைப் பற்றிப் பேசினார். ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்று இயேசுவிடம் சொன்ன ஆயக்காரர் (வரி வசூலிப்பவர்) அவர். ராத்திரி தூங்கவில்லை. ஜெபித்தேன், மனைவியிடம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா பேரை இதுல இழுக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆண்டவரிடம் சொல்லியாயிற்று. அது போதுமா? போதாது என்றால் யாரிடம், எப்படிக் கொடுப்பது? அடிப்படைச் சம்பளம் அந்த வருஷங்களில் ஏறத்தாழ 4 லட்சம், 20 சதவீத வரி அடுக்கு. கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகர்கோவில்காரி | 28 பிப்ரவரி, காலை 6:15

தம்பி, முதலில் போய் நன்றாகச் சாப்பிடுங்கள். குற்ற உணர்ச்சியில் பட்டினி கிடப்பதை நாம் பல நேரம் உபவாசம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

லூக்கா 19-ஐ மறுபடி வாசியுங்கள். இயேசு சகேயுவிடம் கணக்குப் புத்தகத்தைக் கேட்கவே இல்லை. "உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார், அவ்வளவுதான். நாலத்தனை என்பது சகேயுவே எழுந்து நின்று சொன்னது. மோசேயின் சட்டப்படி, தானாக வந்து ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் (லேவியராகமம் 6, எண்ணாகமம் 5). நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அடித்துத் தின்றவனுக்கு உள்ள தண்டனை (யாத்திராகமம் 22). அவர் தன்னை ஒப்புக்கொள்கிறவர் வரிசையில் நிறுத்தாமல், ஆட்டைத் தின்றவன் வரிசையில் நிறுத்தினார். அந்த இடம்தான் என்னைத் தொடும்.

ஆனால் கவனியுங்கள், "கர்த்தருக்குக் கொடுக்கிறேன்" என்று அவர் சொல்லவில்லை. ஏழைகளுக்கும், ஏமாற்றப்பட்டவர்களுக்கும் என்றார். உங்கள் விஷயத்தில் ஏமாந்தது யார்?

கருப்புச்சட்டை | 28 பிப்ரவரி, காலை 9:03

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். வேறு ஒரு இழை தேடி வந்தவன் இதைப் படித்துவிட்டு நின்றுவிட்டேன்.

அக்கா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்: ஏமாந்தது நான்தான். நானும் சம்பளக்காரன். வாடகை வீட்டில் உண்மையாகவே மாதம் 11,000 கொடுக்கிறேன். வீட்டுக்காரர் பான் நம்பர் தர மறுத்ததால் எனக்கு அந்தச் சலுகை முழுதாகக் கிடைக்கவில்லை. மாமனார் வீட்டில் சும்மா இருந்த நண்பருக்குக் கிடைத்திருக்கிறது. சரி, கோபப்படவில்லை.

ஆனால் இதற்கு இவ்வளவு பைபிள் எதற்கு? தப்பாக எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது குடிமகன் கடமை. உண்டியலில் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கும் கூட்டம் எல்லா மதத்திலும் இருக்கிறது. நண்பர் அதைச் செய்யாமல் இங்கே வந்து கேட்டதற்காகவே மரியாதை.

பேலன்ஸ்ஷீட் | 28 பிப்ரவரி, பிற்பகல் 2:30

மதுரையில் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை, பெருமாள் கோவில் ஆள். தொழில் சம்பந்தமானதை மட்டும் சொல்கிறேன்.

வழி இருக்கிறது. 'அப்டேட்டட் ரிட்டர்ன்' என்பார்கள், முன்பு விட்டுப்போன வருமானத்தைப் பின்னால் காட்டும் வரிக்கணக்கு, வருமான வரிச் சட்டம் 139(8ஏ). 2022-இல் கொண்டுவந்தார்கள். மதிப்பீட்டு ஆண்டு (சம்பாதித்த வருஷத்துக்கு அடுத்த நிதியாண்டு) முடிந்து 24 மாதம் வரைதான் முதலில் அனுமதி, 2025-இல் அதை 48 மாதமாக நீட்டினார்கள். விட்டுப்போன வரி, அதற்கு வட்டி, அந்த இரண்டின் மேலும் கூடுதல் வரி. முதல் 12 மாதத்தில் வந்தால் கூடுதல் 25 சதவீதம், அடுத்த வருஷம் 50, அதற்கடுத்து 60, கடைசி வருஷம் 70. இலாகா உங்கள் பேரில் மதிப்பீட்டு நடவடிக்கை தொடங்கிவிட்டால் இந்தக் கதவு பொதுவாக மூடிவிடும். ஒரு ஆண்டுக்கு ஒரு தடவைதான் போட முடியும்.

முழு 99,600-க்கும் வரிச்சலுகை கிடைத்திருக்காது. வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதத்தைக் கழிப்பார்கள். 4 லட்சத்துக்கு 40,000 போக, நீங்கள் மறைத்தது 59,600. அதில் 20 சதவீதம், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் வருஷத்துக்கு ஏறத்தாழ 12,400 ரூபாய்.

மாதம் 1 சதவீத வட்டி போட்டு, மார்ச்சுக்குள் கட்டுவதாக வைத்தால் தோராயமாக இப்படி வரும். 2021-22 மதிப்பீட்டு ஆண்டுக்கு 33,700. 2022-23க்கு 29,400. 2023-24க்கு 25,300. மொத்தம் 88,400. நீங்கள் மிச்சம் பிடித்தது 37,200.

2021-22க்குக் கடைசி நாள் 2026 மார்ச் 31. இன்னும் ஒரு மாதம்தான். அதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு இந்த வழியே கிடையாது.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் வரும். மனந்திரும்பினேன் என்று அதில் ஆப்ஷன் இல்லை. 'வருமானம் சரியாகக் காட்டப்படவில்லை' என்பதை டிக் பண்ணுங்கள்.

நாகர்கோவில்காரி | 28 பிப்ரவரி, மாலை 4:10

சிரித்துவிட்டேன் பேலன்ஸ்ஷீட் தம்பி. ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 44,640. நாலத்தனை என்றால் 1,48,800. அரசாங்கம் கேட்பது 88,400. ஆக நம் வருமான வரி இலாகா லேவியராகமத்தைவிடக் கடுமை, சகேயுவைவிட இளக்கம்.

கிருபை_போதும் | 28 பிப்ரவரி, இரவு 8:55

பிரதர், ஸ்தோத்திரம். உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் இந்த இழை போகிற போக்கு எனக்குப் பயமாக இருக்கிறது. நம் பாவங்களைச் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுகிற தேவன் அவர். போட்ட இடத்தில் நாம் போய்த் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சதவீதம் பார்த்துக் கட்டினால்தான் மன்னிப்பு என்றால் சிலுவை எதற்கு?

இன்னொன்றும் யோசியுங்கள். நாம் இந்தத் தேசத்தில் கொஞ்சம் பேர். ஆபீஸில் நீங்கள் ஒருவர்தான் கிறிஸ்தவராக இருப்பீர்கள். இது வெளியே தெரிந்தால் "பார்த்தியா, வசனக் காலண்டர் வைத்தவனே கள்ள ரசீது போட்டான்" என்பார்கள். உங்கள் பேரோடு ஆண்டவர் பேரும் அல்லவா கெடும்? சாட்சியைக் காத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை ஒரு மிஷனரி ஊழியத்துக்கு அமைதியாகக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

நாகர்கோவில்காரி | 28 பிப்ரவரி, இரவு 10:20

அண்ணன், உங்கள் முதல் பாராவோடு எனக்குச் சண்டை இல்லை. மன்னிப்பை விலை கொடுத்து வாங்க முடியாது. ஆனால் மன்னிப்புக் கிடைத்தவன் கையில் பக்கத்து வீட்டுக்காரன் குடம் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்? "எனக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது, குடம் என்னிடமே இருக்கட்டும்" என்றால் அவன் என்ன நினைப்பான்?

இரண்டாவது பாராவோடுதான் சண்டை. 'சாட்சி கெட்டுவிடும்' என்ற வார்த்தையை வைத்து நம் சபைகளில் எத்தனை விஷயத்தைப் பாய்க்குக் கீழே தள்ளியிருக்கிறோம்! நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் சொல்கிறேன். சிகரெட்டை விட்டவனை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்போம். மகளுக்கு 'நம்ம ஆட்களில்' மட்டும் மாப்பிள்ளை தேடி, நூறு பவுன் பேசி முடித்தவரைக் கமிட்டியில் உட்காரவைப்போம். அதற்கு மனந்திரும்பச் சொல்லி எந்த லெந்துக் கூட்டத்திலும் நான் பிரசங்கம் கேட்டதில்லை.

வடக்கன்குளம் கோவிலைப் பற்றித் தெரியுமா? கத்தோலிக்கர் ஆலயம். சாதிக்கு ஒரு பக்கம் என்று இரண்டு கிளையாகவே கட்டினார்கள், நடுவில் தடுப்பு. அந்தத் தடுப்பை 1910-இல் குருவானவர் முன்னின்று இடிக்கச் செய்தார். இடித்ததை எதிர்த்து நம்மவர்களே கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் தடுப்பு திரும்பி வரவில்லை. அன்றைக்கும் யாராவது "வெளியே தெரிந்தால் அசிங்கம்" என்று சொல்லியிருப்பார்கள். அசிங்கம் தடுப்பில் இருந்தது.

கருப்புச்சட்டை | 28 பிப்ரவரி, இரவு 10:41

அந்தத் தடுப்பு திரும்பாமல் பார்த்துக்கொண்டது சபையில்லை, கோர்ட்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

நாகர்கோவில்காரி | 28 பிப்ரவரி, இரவு 10:44

இடித்தது குருவானவர். இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். போய்த் தூங்குங்கள்.

மணப்பாடு_மகன் | 1 மார்ச், காலை 11:30

கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது) செய்தால் எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நம்புவதாக வெளியே ஒரு எண்ணம் இருக்கிறது. இல்லை. எங்கள் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459-ஆம் எண்ணைப் பாருங்கள்: பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும், பாவம் உண்டாக்கின குழப்பங்களை எல்லாம் சரிசெய்துவிடாது. 2412-இல் திருடின பொருளை உரியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, சகேயுவையே உதாரணம் காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் பழைய பங்குச்சாமி ஒருவர் இதில் ரொம்பக் கறார். என் சித்தப்பா மீன் எடை போடும்போது தராசில் கைவரிசை காட்டியதைச் சொன்னாராம். சாமி ஜெபமாலை எதுவும் கொடுக்கவில்லை. "ஒரு மாசத்துக்கு எடைக்கு மேல ஒரு கை மீன் போடு, ஏன்னு யார்கிட்டயும் சொல்லாதே" என்றாராம். யாரை ஏமாற்றினோம் என்று தனித்தனியாகத் தெரியாதபோது அப்படி ஒரு வழி. சித்தப்பா வியாபாரம் அந்த மாதம் ரெட்டிப்பானது, அது வேறு கதை.

ஆயக்காரர் விஷயத்தில் உரியவர் யார் என்பது தெளிவு. கஷ்டம் அந்தப் பழைய மூன்று வருஷத்தில்தான்.

பேர்லின்வாசி | 1 மார்ச், இரவு 9:15

நான் யாழ்ப்பாணம், இப்ப பேர்லின். உங்கடை கதையை வாசிச்சுப்போட்டு என்ரை கதையையும் சொல்லத்தான் வேணும்.

இஞ்சை கத்தோலிக்கர், லூத்தரன் சபைக்காரர் எண்டு பதிஞ்சிருந்தால், அரசாங்கமே சம்பளத்திலை சேர்ச் வரி பிடிச்சுச் சபைக்குக் குடுக்கும். வருமான வரியிலை 9 வீதம், பயர்ன் மாநிலத்திலையும் பாடன்-வூர்ட்டம்பேர்க்கிலையும் 8 வீதம். நான் வந்த புதிசிலை பதிவுக் கந்தோரிலை சமயம் என்ன எண்டு கேட்டவை. கூட வந்த பெடியன் காலிலை உதைச்சான். "இல்லை" எண்டு போட்டன். தேவாலயத்திலை கொயர் பாடுறன், ஆவணி மாதம் கெவெலார் மாதாவிட்டைப் போறன், ஆனால் ஜெர்மன் அரசாங்கத்தின்ரை கணக்கிலை நான் சமயம் இல்லாதவன். பதினேழு வருசம்.

மதச்சார்பில்லாத நாடு எண்டு எல்லாரும் சொல்லுவினம். எனக்கு அது வசதியாப் போச்சு. ஒருத்தரும் விசுவாசத்தைக் கேக்க மாட்டினம் எண்டது சுதந்திரம் எண்டு நினைச்சன். கேட்ட ஒரே இடம் அந்தக் கந்தோர். அதிலைதான் மறுதலிச்சன்.

கருப்புச்சட்டை | 1 மார்ச், இரவு 9:50

எனக்கு இது புதுத் தகவல். அரசாங்கமே மதத்துக்கு வரி வசூலிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது தனி விவாதம். ஆனால் உங்கள் கடைசி வரி என்னையும் என்னவோ செய்தது.

ஆயக்காரன் | 8 மார்ச், இரவு 10:05

ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. மாமாவிடம் பேசினேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த மூன்று வருஷத்துக்கு வரி கட்டப்போகிறேன் என்றேன். "கட்டு, எனக்கென்ன?" என்றார். ரசீது பொய் என்று ஒப்புக்கொண்டுதான் கட்ட வேண்டும் என்றேன். சேரிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் கள்ளக் கையெழுத்துப் போட்டவன்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முப்பத்திரண்டு வருஷம் கூட்டுறவு சங்கத்தில் இருந்து ஒரு பைசா கை நீட்டாமல் ஓய்வு பெற்றவர். அதை ஊரே சொல்லும். "மாப்பிள்ளைக்குன்னு போட்டேன்யா. நீ கேட்ட. நான் படிச்சுக்கூடப் பாக்கல" என்றார். குரல் உடைந்தது. அப்புறம் கீழே தோட்டத்துக்குப் போய்விட்டார். அவரை இதில் இழுத்தது நான்தான். 88,400-ஐவிட அதுதான் பெரிய கடன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மனைவியும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேலன்ஸ்ஷீட், அவர் பேர் எங்கேயாவது வருமா?

பேலன்ஸ்ஷீட் | 8 மார்ச், இரவு 10:30

படிவத்தில் வராது. நீங்கள் சலுகையை விட்டுக்கொடுக்கிறீர்கள், வருமானம் கூடுகிறது, அவ்வளவே. பின்னால் கேள்வி வராது என்று நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன், ஆனால் அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. கணக்கை உள்ளூர் ஆடிட்டரிடம் ஒரு தடவை சரிபாருங்கள். என் கணக்கு நீங்கள் சொன்ன ரவுண்டு நம்பரை வைத்துப் போட்டது.

கிருபை_போதும் | 9 மார்ச், காலை 7:10

பிரதர், நான் முன்பு எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் உங்கள் மாமாவைப் பற்றிப் படித்ததும் ஜெபித்தேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் தகவல் சொன்னதாகத்தான் இருக்கிறது.

ஆயக்காரன் | 9 மார்ச், காலை 7:25

இல்லை அண்ணன். கேட்கவில்லை.

மணப்பாடு_மகன் | 14 மார்ச், மாலை 6:00

இழை கீழே போய்விடாமல் இருக்க எழுதுகிறேன். அந்தப் பழைய மூன்று வருஷத்துப் பணத்தை என்ன செய்வது? எண்ணாகமம் 5:8-இல் வாங்கிக்கொள்ள உறவினன் இல்லாவிட்டால் ஆசாரியனிடம் போக வேண்டும் என்று இருக்கிறது. அப்படிப் பார்த்தால் கோவிலுக்குத்தானே?

நாகர்கோவில்காரி | 14 மார்ச், மாலை 6:40

உரியவன் செத்துப்போய், வாரிசும் இல்லாதபோது அந்தச் சட்டம். இங்கே உரியவன் உயிரோடு, டெல்லியில் திடகாத்திரமாக இருக்கிறான். வாங்கிக்கொள்ளக் கவுண்டர் இல்லை என்பதுதான் பிரச்சினை. கள்ளப் பணத்துக்குக் காணிக்கைக் கவர் போடாதீர்கள். உக்கிராணக்காரர் ஆலய முற்றத்துக்கு டைல்ஸ் போட்டு, உபயம் என்று உங்கள் பேரையும் கல்லில் வெட்டிவிடுவார்.

கருப்புச்சட்டை | 14 மார்ச், இரவு 7:30

அமெரிக்கக் கருவூலத்தில் இதற்கென்றே 'மனசாட்சி நிதி' என்று ஒன்று 1811-லிருந்து இருக்கிறது. யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் 5 டாலர் அனுப்பியதில் தொடங்கியது. அப்புறம் தபால்தலையைத் திரும்ப ஒட்டினவர், அரசாங்கப் பொருளைத் தூக்கிக்கொண்டு போனவர் எல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு பெட்டி வைத்தால் நிரம்பும் என்று எனக்குத் தோன்றுகிறது. சிரிக்காதீர்கள்.

என் யோசனை, முதலமைச்சர் பொது நிவாரண நிதி, இல்லை பிரதமர் நிவாரண நிதி. பொதுவில் எடுத்தது பொதுவுக்கே போகட்டும்.

பேலன்ஸ்ஷீட் | 14 மார்ச், இரவு 8:05

அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த நிதிகளுக்குக் கொடுத்தால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80ஜி என்ற நன்கொடை வரிச்சலுகை கிடைக்கும். திருடியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்கும் வரிச்சலுகை கேட்டால் எப்படி இருக்கும்? நண்பர் புதிய முறையில் இருப்பதால் தப்பித்தார்.

பேர்லின்வாசி | 20 மார்ச், இரவு 11:20

நான் பங்குத்தந்தையிட்டைப் போய்க் கதைச்சன். திரும்பப் பதியலாமாம், பெரிய வேலை இல்லை. பழைய வருசங்களுக்கு என்ன செய்யிறது எண்டு கேட்டன். அவர் ஜெர்மன்காரர், கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டு, "நீ பாடினதை நான் கழிச்சுக்கொள்ளவே?" எண்டு கேட்டுச் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரேல்லை. வீட்டிலை மனிசி மாதத்துக்கு எவ்வளவு குறையும் எண்டு கணக்குப் பாக்கிறா. இன்னும் கையெழுத்துப் போடேல்லை.

ஆயக்காரன் | 29 மார்ச், இரவு 9:40

குருத்தோலை ஞாயிறு. மூன்று வருஷத்துக்கும் பணம் கட்டி, ரிட்டர்னும் போட்டுவிட்டேன். பேலன்ஸ்ஷீட் சொன்னதற்கும் ஆடிட்டர் போட்டதற்கும் 1,100 ரூபாய்தான் வித்தியாசம். பைக் வாங்க வைத்திருந்த பணம் போயிற்று. பழைய வண்டிக்குச் செயின் ஸ்பிராக்கெட் மாற்றினேன். இன்னும் இரண்டு வருஷம் ஓடும் என்று மெக்கானிக் சொல்கிறார்.

பழைய மூன்று வருஷத்துக்கு 37,200-உடன் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து 44,640. அதில் பாதியை பிரதமர் நிவாரண நிதிக்கு அனுப்பினேன். மீதிக்கு இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஆபீஸ் பையன்களிடம் டீக்கடையில் பேசினேன். மூன்று பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டதுதான் தப்போ என்னவோ. "நான் சொல்லிக் கொடுத்தது தப்பு, நான் திருப்பிக் கட்டிட்டேன்" என்றேன். ஒருத்தன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "உங்களுக்கு மாமனார் வீடு இருக்குண்ணே, கட்டலாம். எனக்கு வீட்டு லோன் இருக்கு. இப்ப வந்து பிரசங்கம் பண்றீங்க" என்று எழுந்து போய்விட்டான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இன்னொருத்தன் பேசவே இல்லை. புதுப் பையன் மட்டும், "அப்ப நான் இந்த வருஷம் குடுத்ததை வாபஸ் வாங்கலாமா?" என்று கேட்டான். அவன் ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது அதைக் காட்டாமல் விட்டாலே போதும் என்று சொன்னேன். சரிதானே?

இப்போது ஆபீஸில் யாரும் 'சாமியார்' என்று கூப்பிடுவதில்லை.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. இன்று காலை பவனிக்கு மகளுக்குக் குருத்தோலையில் சிலுவை மடித்துக் கொடுத்தார். எனக்கும் ஒன்று மடித்து மேஜையில் வைத்திருந்தார். ரசீது எழுதுகிற அதே மேஜை.

பேலன்ஸ்ஷீட் | 29 மார்ச், இரவு 10:02

பையனுக்குச் சொன்னது சரி. ரிட்டர்னில் அந்தச் சலுகையைக் கேட்காமல் விட்டால் வித்தியாச வரியைக் கட்டச் சொல்லும், கட்டினால் முடிந்தது.

ஒரு விஷயம் கேட்க மறந்துவிட்டேன். மூன்றையும் இ-வெரிஃபை (ஆன்லைனில் உறுதிசெய்வது) பண்ணினீர்களா? ரிட்டர்ன் போட்டு 30 நாளுக்குள் வெரிஃபை பண்ணாவிட்டால், வெரிஃபை பண்ணுகிற நாள்தான் போட்ட நாளாகக் கணக்காகும். பண்ணவே இல்லையென்றால் போட்டது செல்லாது. அதிலும் 2021-22க்குத் தவணையே நாளை மறுநாளோடு முடிகிறது.

ஆயக்காரன் | 29 மார்ச், இரவு 10:09

ஐயோ. இரண்டுதான் பண்ணியிருக்கிறேன், அதுதான் பாக்கி. ஓடிபி வருகிற ஃபோன் மனைவியிடம் இருக்கிறது, அவள் தூங்கிவிட்டாள். எழுப்பப் போகிறேன்.